சிரிப்புப் பிரிவு

இந்தத் தடவை கையை ஒளிக்கக் கூடாது. போன தடவை கைப்பைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாய். அதற்கு முந்தின தடவை தொடைக்கு அடியில். திருட்டுப் பொருளா அது? உன் கைதானே. ஆடினால் ஆடட்டும். அதைப் பார்க்கத்தானே ஒரு டாக்டரம்மாவைப் படிக்கவைத்து உள்ளே உட்கார வைத்திருக்கிறார்கள்.

அவள் வலது கையை எடுத்து மடிமேல் பளிச்சென்று தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் யாரோ மாவு உருண்டையைக் கொடுத்து உருட்டச் சொன்னதுபோல, கை உருட்டிக்கொண்டே இருந்தது. எதிர் பெஞ்சில் காத்திருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள்போல் சுவர்க் கடிகாரத்துக்குக் கண்ணை மாற்றினாள். பக்கத்தில் இருந்த கணவன் மெல்லத் தன் உள்ளங்கையைக் கொண்டுவந்து அந்தக் கையின் மேல் வைத்தான். பாசத்தோடுதான் வைத்தான். ஆனாலும் பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரிதான் இருந்தது அவளுக்கு.

"எடுங்க" என்றாள்.

"ஏன்?"

"வேர்க்குது."

எடுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் தன் முழங்கைகளைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் கைகளில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சின்னச் சின்னத் தழும்புகள். பூட்டுத் தொழிற்சாலையில், முலாம் பூசுகிற பிரிவில், ஆசிட் தொட்டிகளுக்கு நடுவில் நின்று சம்பாதித்தவை.

"இன்னிக்கு உள்ள போய், வீட்ல சொன்ன அந்தக் கதையை ஆரம்பிக்காதே" என்றான். "காகிதத்தை வாங்கிக்கிட்டு வந்துடுவோம். வீட்டுப் பக்கத்து கிளினிக்லயே இனிமே மாத்திரை வாங்கிக்கலாம். அலைச்சல் மிச்சம்."

"கதையா?"

"பின்ன என்ன? ஆசிட்ல நின்ன நானே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். நீ கழுவுற பிரிவுல இருந்தவ. உக்காந்து வேலை, ஜன்னல் காத்து. அங்க என்ன இருந்துச்சு உனக்கு வர்றதுக்கு?"

அவன் இதைக் கோபத்தோடு சொல்லவில்லை. கெஞ்சுகிற குரலில் சொன்னான். அதுதான் அவளை என்னவோ செய்தது. கல்யாணமான புதிதில் அவளுக்கும் அந்த ஆலையில் வேலை கிடைத்தபோது, முலாம் பிரிவின் புகையில் தன் மனைவி நிற்கக் கூடாதென்று, மேற்பார்வையாளர் வீட்டு வாசலில் போய்ப் போய் நின்று கழுவுகிற பிரிவை வாங்கிக் கொடுத்தவன் அவன். ஆலையில் எத்தனையோ பெண்களுக்குக் கிடைக்காத இடம். 'ராணி மாதிரி உக்கார வெச்சிருக்கேன்' என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டான். இப்போது அந்த இடம்தான் இந்தக் கையை இப்படி ஆக்கியது என்று ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டால், அவன் நடந்த நடையெல்லாம் என்னவாகும்?

பாவம்தான். ஆனால் அவனுடைய நிம்மதிக்காக என் கை பொய் சொல்ல முடியுமா என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கழுவுகிற பிரிவு ஆலையின் பின்கட்டில் இருந்தது. நடுவில் ஓர் எஃகுத் தொட்டி. அடியில் அதைச் சூடாக்குகிற கம்பி. உள்ளே இருந்த திரவம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். அதன்மேல் ஆவி மெலிசாகப் படிந்து, விளிம்புக்குக் கீழேயே தளதளத்துக்கொண்டிருக்கும். பூட்டுக்குள் போகிற ஸ்பிரிங் வில்கம்பி, நெம்புகோல், சின்னச் சின்னப் பித்தளை உருளை எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு வரும். கம்பிக்கூடையில் போட்டு இறக்கினால், தூக்கும்போது அப்போதுதான் பிறந்ததுபோல் மின்னும். துடைக்கக்கூட வேண்டாம், கையிலெடுக்குமுன் காய்ந்துவிடும். கூடையிலிருந்து தவறி விழுந்த வில்கம்பியை எடுக்கக் கையை முழங்கை வரை விடுவார்கள். வெளியே எடுத்தால் கை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். எண்ணெய் தடவிக்கொள்வார்கள். கையுறை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கையுறை போட்டால் வில்கம்பி விரலில் சிக்காது. அதுவும் போக, அழுக்கைத் தொடுகிறவனுக்குத்தானே கையுறை. கழுவுகிறவளுக்கு எதற்கு?

அதுதான் அவர்கள் எல்லோரும் செய்த தப்பு. முலாம் பிரிவில் நெடி இருந்தது, இருமல் இருந்தது, சுவரில் மண்டை ஓட்டுப் படம் இருந்தது. அதனால் விஷம் அங்கே இருந்தது. இங்கே இருந்தது சுத்தம். சுத்தத்துக்கு இனிப்பாக ஒரு வாசனைகூட உண்டு. குளிர்காலத்தில் தொட்டியோரம் கதகதப்பாக இருக்கும்; மதியச் சாப்பாட்டை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சின்னச் சீசாவில் கொஞ்சம் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டைக் காலரில் தேய்த்தார்கள். அவள் கணவன் காலரில் கறை பார்த்தவர் கிடையாது.

இன்னொன்றும் இருந்தது. அந்த அறையில் எப்போதும் சிரிப்பு. காரணமே வேண்டாம், ஒருத்தி தும்மினால் போதும், தொட்டியைச் சுற்றி இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். முலாம் பிரிவு ஆண்கள் அதற்குச் சிரிப்புப் பிரிவு என்றே பெயர் வைத்திருந்தார்கள். மாலையில் வீட்டுக்கு வந்தால் தலை வலிக்கும். நாள் முழுக்கச் சிரித்த வலி என்று படுத்துக்கொள்வாள்.

பிரிவை விட்டு வந்து வருஷங்கள் ஓடிய பிறகு, ஒருநாள் ஊசியில் நூல் கோக்கும்போது கை ஆடத் தொடங்கியது. இந்த மருத்துவமனைக்கு முதல் தடவை வந்தபோது ஒரு வயதான டாக்டர் இருந்தார். ரசாயனம் புழங்குகிற வேலை ஏதாவது பார்த்ததுண்டா என்று அவர் கேட்டார்தான். கேட்கவில்லை என்று பழி சொல்ல முடியாது. இவள்தான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "இல்லவே இல்ல டாக்டர். அது முலாம் பிரிவு. நாங்க சுத்தமான இடம். கழுவுறது மட்டும்தான்." சோப்பும் தண்ணீரும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ரசாயனத் தொடர்பு இல்லை என்று எழுதிக்கொண்டார். அவள் பெருமையோடு வீட்டுக்கு வந்தாள்.

அந்தப் பெருமை உடைந்தது போன மாதம், அடுப்படியில்.

குருவி வந்திருந்தாள். தொட்டியோரம் அவளுக்குப் பக்கத்து இடத்தில் வேலை பார்த்த சின்னவள். ஓயாத பேச்சுக்காக அப்படி ஒரு பெயர். இன்றைக்கும் அதே தொட்டியில்தான் வேலை பார்க்கிறாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். குருவி ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, உன் கையை நீயே கைது பண்ணி வெச்சிருக்க?"

"விட்டா ஓடிடுதுக்கா" என்று குருவி விட்டுக் காட்டினாள். இடது கை. அதே உருட்டல்.

இருவரும் தங்கள் கைகளை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். "சேர்ந்து தாளம் போடலாம். பாட்டுக்கு ஆள் கிடைச்சா கச்சேரிதான்" என்றாள் குருவி. சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் குருவியின் முகம் மாறியது.

"அக்கா, உன்கிட்ட சண்டை போடத்தான் வந்தேன். நீ போற ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். தொட்டி வேலையாலயா இருக்கும்னு கேட்டேன். அந்த ஆலையிலேர்ந்து ஏற்கெனவே ஒரு அம்மா வர்றாங்க, அங்க ரசாயனம் எதுவும் இல்லைன்னு அவங்களே சொல்லியிருக்காங்கன்னு சொல்லிட்டாங்க. பயத்துல வர்ற நடுக்கம்னு தூங்குற மாத்திரை கொடுத்தாங்க. அந்த அம்மா யாரு? நீதானே. நீ வாயைத் தொறந்து எனக்குக் கதவைச் சாத்திட்ட. தொட்டியிலேர்ந்து மாத்திவிடணும்னு ஒரு டாக்டர் எழுதினாத்தான் சூபர்வைசர் கேப்பான். அது இல்லாம தினம் அதே தொட்டிதான்."

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வெளியே போயிருந்த கணவன் தடதடவென்று உள்ளே ஓடி வந்தான்.

"ரெண்டு பேரும் என்ன பண்றீங்க? தெரு முனை வரைக்கும் தீஞ்ச நாத்தம் வருது."

பால் பொங்கி வழிந்து, வற்றி, பாத்திரம் அடியில் கரியாகிப் புகைந்துகொண்டிருந்தது. அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில்.

அவன் அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, இருமி, திட்டி முடிக்கும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே இருந்தார்கள்.

"உனக்கு வாசனை தெரியலையா?" என்றாள் அவள்.

"எனக்கு அது போய் ரொம்ப நாளாச்சுக்கா. உனக்கு?"

"எனக்கும்தான். சளின்னு நெனச்சேன்."

"பெரியக்காவுக்கும் இல்ல. கேஸ் கசியறது தெரியாம விட்டாங்கன்னு மருமக கத்தினது ஊருக்கே தெரியும்."

பெரியக்கா தொட்டியின் அந்தப் பக்கம் வேலை பார்த்தவள். இப்போது படுக்கையில். அவளுக்கும் கை ஆடுகிறது. வயசாச்சு என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

ஒரே தொட்டியைச் சுற்றி வேலை பார்த்தவர்கள். மூவருக்கும் மூக்கு செத்துப்போயிருந்தது, மூவருக்கும் கை ஆடியது. அன்று இரவெல்லாம் அவளை வாட்டியது நோயோ பயமோ அல்ல. அந்தச் சிரிப்பு. வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று யாராவது கேட்டிருந்தால், யோசிக்காமல் அந்த அறையைச் சொல்லியிருப்பாள். அதுவும் அந்த ஆவி செய்த வேலைதானா? நாங்கள் சிரித்தோமா, அது எங்களைச் சிரிக்கவைத்ததா? கையை எடுத்துக்கொண்டது போதாதென்று, திரும்பிப் பார்த்துச் சந்தோஷப்பட இருந்த ஒரே அறைக்குள்ளும் புகுந்துவிட்டதே. அப்போதுதான் அவளுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. அதுவரை கையைப் பார்த்து வெட்கம்தான் வந்திருந்தது. கோபம் எவ்வளவு சுகமான சாமான் என்று இத்தனை வயசுக்குப் பிறகு தெரிந்துகொண்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

புது டாக்டர் இளம்பெண். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. மேசையில் கோப்புகள் இடுப்புயரம். கையை நீட்டச் சொன்னாள், விரலைத் தட்டச் சொன்னாள், அறைக்குள் நடக்கச் சொன்னாள். எல்லாம் பொறுமையாகத்தான்.

"மாத்திரைக்கு உடம்பு கேக்குது. நல்லாவே கேக்குது" என்றாள் டாக்டர். "இனிமே இவ்வளவு தூரம் வர வேண்டாம்மா. உங்க பக்கத்து கிளினிக்குக்கு மாத்தி எழுதியிருக்கேன். படிச்சுப் பார்த்துட்டு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. இதைக் காட்டினாத்தான் அங்க மாத்திரை கொடுப்பாங்க."

அவள் படித்தாள். பெயர், வயது, நோய், மாத்திரை. அதற்குக் கீழே, முன்பு எழுதியது அப்படியே: தொழில் வழி ரசாயனத் தொடர்பு இல்லை என நோயாளி உறுதி கூறியுள்ளார்.

"இந்த வரி தப்பு டாக்டர்."

"நீங்க சொன்னதுதானேம்மா. உங்க கோப்புலேர்ந்துதான் எடுத்தேன்."

"நான் சொன்னதுதான். தெரியாம சொன்னேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "இப்ப எப்படித் தெரிஞ்சுது? யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா? சங்கத்து ஆளுங்க யாராவது?"

"பால் தீஞ்சு சொல்லிக் கொடுத்துச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. இவள் எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டி, ஆவி, கம்பிக்கூடை, முழங்கை வரை கை, மூன்று பேர், மூன்று மூக்கு. நடுநடுவே வார்த்தை தடுக்கியது. தடுக்கியபோது நிறுத்தி, மறுபடி எடுத்துச் சொன்னாள். கை மேசையின் விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தது. அதை அவள் கீழே இறக்கவில்லை.

"அந்தத் திரவத்தோட பேர் என்னம்மா?"

"தெரியாது."

"பேர் தெரியாம நான் என்ன எழுத முடியும்? இந்த நோய் எந்த வேலையும் பார்க்காதவங்களுக்கும் வருது. ஆயிரம் காரணம் இருக்கலாம்."

"இருக்கலாம். நான் இல்லைங்கல. டிரம்முல வரும், ஊத்துவாங்க, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். நாங்க கேட்டா சொல்ல மாட்டாங்க டாக்டர். நீங்க கேட்டா சொல்லியாகணும். கேளுங்கன்னுதான் சொல்றேன்."

டாக்டர் கணவனைப் பார்த்தாள். "நீங்களும் அங்கதானே இருந்தீங்க? அந்தத் தொட்டியில என்ன இருந்துச்சு?"

அவன் எழுந்து நின்றுவிட்டான், பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல. "பார்க்கத் தண்ணி மாதிரிதான் இருக்கும் மேடம்."

"மாதிரின்னா?"

 அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. நேராக ஜன்னலைப் பார்த்தபடி, "உங்க காலர்ல நான் எதைத் தேய்ச்சேன்?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் கை தன்னிச்சையாகக் கழுத்துக்குப் போயிற்று. சுத்தமான காலர். இப்போது அவனே சோப்புப் போட்டுத் துவைத்துக்கொள்கிறான், அவளால் கசக்க முடிவதில்லை.

"தண்ணி இல்ல மேடம்" என்றான்.  "துணியில பட்டா நொடியில காயும். தண்ணி அப்படிக் காயாது. சீசா மூடியைத் தொறந்து வெச்சா தலை சுத்தும். நான்தான்... நான்தான் இவளை அங்க போடச் சொன்னேன்."

அவன் உட்கார்ந்தான். அவளுக்கு அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் இப்போது பிடித்தால் எல்லாம் இளகி ஓடிவிடும். பிறகு, என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்.

டாக்டர் நெற்றியைத் தேய்த்தாள். கொஞ்ச நேரம் கோப்பைப் புரட்டினாள். "போன மாசம் இன்னொருத்தங்க வந்தாங்க" என்று பாதி தனக்கே சொல்லிக்கொண்டாள். "சின்னவங்க. இடது கை."

"குருவி. இப்ப இந்த நேரத்துக்கு அந்தத் தொட்டியிலதான் வேலை பார்த்துக்கிட்டிருப்பா."

"சரி. நான் விசாரிக்கிறேன். பெரிய டாக்டர்கிட்டயும் பேசறேன். ஆனா அதுக்கெல்லாம் நாளாகும்மா. இந்தத் தாள் இன்னிக்குப் போயாகணும். கீழே ஒரு வரி சேர்க்கறேன், நோயாளி இப்போது வேறுவிதமாகக் கூறுகிறார்னு. மேல இருக்கறது அப்படியே இருக்கட்டும். ஏற்கெனவே பதிவானதை நான் அடிக்க முடியாது. கையெழுத்துப் போட்டுடுங்க."

"நோயாளி வேறுவிதமா கூறுகிறார்னு படிச்சா, புத்தி தடுமாறிடுச்சுன்னுதானே நெனப்பாங்க?"

டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. அந்தத் தாமதத்துக்காகவே அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்தது.

"சிலர் நெனக்கலாம்" என்றாள் டாக்டர்.

"போட்டுடேன்மா" என்று கணவன் மெதுவாகச் சொன்னான். முன்பிருந்த கெஞ்சல் இல்லை, களைப்புதான். "அவங்கதான் விசாரிக்கறேங்கறாங்களே. மாத்திரை நாளையோட தீருது. மாத்திரை இல்லாம உன்னால எந்திரிச்சு நிக்க முடியாது."

உண்மைதான். மாத்திரை தீர்ந்தால் உடம்பு மரக்கட்டையாகிவிடும். காலையில் படுக்கையில் திரும்பிப் படுக்கவே யாராவது புரட்டிவிட வேண்டும். அது அவளுக்குத் தெரியும். இத்தனை நாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, கையை ஒளித்து, வயசு என்றால் வயசு, கவலை என்றால் கவலை என்று வாங்கிக்கொண்டு வந்தது அந்த மாத்திரைக்காகத்தான்.

அவள் பேனாவை எடுத்தாள். விரல்களுக்கிடையில் அது தாளின்மேல் தடதடவென்று புள்ளி வைத்தது. டாக்டரும் கணவனும் அந்தப் பேனாவையே பார்த்தார்கள். தொட்டியில் விழுந்த வில்கம்பியைத் துழாவி எடுத்த அதே விரல்கள். அந்த அறையில் தாங்கள் சிரித்தது தங்கள் சிரிப்புத்தானா என்று இன்னும் அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமலே போகலாம். ஆனால் இந்தக் கையெழுத்து யாருடையது என்பதில் சந்தேகம் வராது.

"முன்னாடி சொன்னது தெரியாம சொன்னது" என்றாள். "இப்ப தெரிஞ்சுக்கிட்டு இதுக்குக் கீழே பேரெழுதினா, அது பொய்யாயிடும் டாக்டர். என் பொய்யாயிடும்."

"அப்ப மாத்திரை?"

"அது உங்க கையில இருக்கு. அந்த வரி இல்லாம இன்னொரு தாள் எழுத எவ்வளவு நேரமாகும்?"

"எனக்கு வெளியில அத்தனை பேர் காத்திருக்காங்கம்மா."

"தெரியுது. அவங்களைப் பார்த்துட்டு எழுதுங்க. நான் வெளியில பெஞ்சுல இருக்கேன். அவசரமில்ல."

கணவன் எழுந்து, வழக்கம்போல அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிடக் குனிந்தான். அவள் தலையசைத்து வேண்டாமென்றாள். தானே மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், நேரம் பிடித்தது, ஆனாலும் எழுந்தாள். பேனாவுக்கு மூடி போட முயன்று மூடி இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை போட்டுவிட்டு, கையெழுத்தில்லாத தாளின்மேல் அதை வைத்து, இரண்டையும் சேர்த்து டாக்டர் பக்கம் மெல்லத் தள்ளிவைத்தாள்.